திண்ணையில் உட்கார்ந்திருந்த மகன்



நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் சத்தமில்லாத ஒரு கவலை குடியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நம் பிள்ளையோ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, யாரோடும் ஒட்டாமல், ஏதோ ஒன்றிலேயே மூழ்கிக் கிடக்கிறான். ஒருவேளை ஆட்டிசமாக இருக்குமோ? இருபத்தைந்து வயதில் இதை யாரிடம் போய்க் கேட்பது? நமக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

இதைப் போன்ற ஒரு கவலையைச் சுமந்த குடும்பம் நமக்குத் தூரத்தில் இல்லை. சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் பேருந்துகள் சென்று சேரும் கும்பகோணத்தில்தான் அது வாழ்ந்தது. அந்த வீட்டு மகன் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தை கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். குழந்தை மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை என்று தாய் கோமளத்தம்மாள் கலங்கினார். பள்ளியில் பரிசுகள் வாங்கிய அதே பிள்ளை, கல்லூரியில் கணிதம் தவிர வேறு எதிலும் மனம் செலுத்த முடியாமல் உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தேறவில்லை.

அதன்பின் அவருக்குப் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்; அதுவும் நிலைக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்து எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார். ஊரார் கண்ணுக்கு அது வேலையற்ற இளைஞனின் பொழுதுபோக்கு. வீட்டாருக்கும் அவர் எழுதியது விளங்கவில்லை. ஆனாலும் சோறு போட்டார்கள், வெளியே தள்ளவில்லை.

அவர்களும் தவறாத மனிதர்கள் அல்லர். கால்கட்டுப் போட்டால் பொறுப்பு வரும் என்று நம் வீடுகளில் நினைப்பது போலவே, 1909-இல் பத்து வயதுச் சிறுமி ஜானகியை அவருக்கு மணமுடித்தார்கள். பின்னாளில் மாமியார் மருமகள் பிணக்கிலும், இளம் வயதுக் கைம்மையிலும் அந்தப் பெண் பட்ட துன்பம் பெரிது. திருமணம் ஒரு மருந்தல்ல என்பதை இதிலிருந்து நாம் கற்க வேண்டும்.

1910-இல் இராமானுஜன் வேலை தேடித் திருக்கோவிலூருக்கு வந்தார். நம் பகுதியைப் போலவே அதுவும் அன்று தென்னாற்காடு மாவட்டம். துணை ஆட்சியர் இராமசாமி அய்யர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். சிறு குமாஸ்தா வேலைக்குள் இவரை அடைப்பது சரியல்ல என்று உணர்ந்து, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவருடைய மேலதிகாரி நாராயண அய்யர், மாலையில் தாமும் சிலேட்டோடு அவர் அருகில் உட்கார்ந்தார். அவருக்குள் இருப்பதை அறிந்து, அதற்கு இடம் செய்து கொடுத்தார்.

1914-இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். கணிதத்தில் ஹார்டி துணைநின்றார். ஆனால் போர்க்காலக் குளிரில் சோறு வைக்கவோ, முகம் வாடியதைக் கவனிக்கவோ வீட்டார் யாரும் அருகில் இல்லை. நோயுற்றார், மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று காப்பாற்றப்பட்டார். அந்த 1918-ஆம் ஆண்டில்தான் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32-ஆம் வயதில் இறந்தார்.

அவருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். மருத்துவர் கேனர் ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்ததே 1943-இல்தான். இறந்தவரைப் பரிசோதிக்க எவராலும் முடியாது. எனவே அந்தத் தீர்ப்பு நமக்கு வேண்டாம்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இராமானுஜன் ஆகப்போவதில்லை. அவருடைய பெற்றோருக்கும் தம் மகன் யாராகப் போகிறார் என்று தெரியாது. தெரியாத நிலையில் போட்ட சோறுதான் அன்பு. மேதை என்று அறிந்தபின் உலகமே விருந்து வைக்கும். அதே சமயம், அந்த வீடு தனியாக நின்றிருந்தால் அவர் திண்ணையோடு முடிந்திருப்பார். இராமசாமி அய்யர்களும் நாராயண அய்யர்களும் கைகொடுத்ததால்தான் பிழைத்தார்.

இன்று வழிகள் கூடியுள்ளன. வளர்ந்தவர்களையும் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்று பரிசோதிக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுள்ளது. சான்றிதழ் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு அரசு வேலை ஒதுக்கீட்டிலும் பங்கு உண்டு. கடலூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் நிலை உங்கள் குற்றமல்ல, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கடை வைத்திருப்போரே, பட்டறை நடத்துவோரே, அந்தப் பிள்ளைக்கு அமைதியான ஒரு மூலையும், ஒரே ஒழுங்கில் செய்யக்கூடிய ஒரு வேலையும் உங்களிடம் இருக்கிறதா? அடுத்த முறை அவனைப் பார்க்கும்போது, இன்னும் வேலை கிடைக்கவில்லையா என்று கேட்காமல், சிறிது நேரம் அவன் அருகில் உட்காருவோமா?