ஆண்டர்சன் துரையின் இலேசான துப்பாக்கி

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பஸ், 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறத் தொடங்கும் இடத்துக்கு அடிவாரம் என்று பெயர். பழைய சேலம் ஜில்லா இந்த மலையோடு முடிந்துவிடவில்லை. வடக்கே தர்மபுரி, பென்னாகரம், ஓசூர், தேன்கனிக்கோட்டை வரை பரந்து கிடந்தது. 1965-ல்தான் தர்மபுரி தனி ஜில்லா ஆயிற்று. அந்த வடகாடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடித் தன்னந்தனியாக அலைந்தவர் கென்னத் ஆண்டர்சன்.

இவர் 1910-ல் ஐதராபாத்துக்கு அருகே பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சம். ஆனால் குடும்பம் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்தது. சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். படிப்பு பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டார். தபால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். லீவு கிடைத்தால் போதும், பழைய ஸ்டூடிபேக்கர் கார் காட்டுப் பக்கம் கிளம்பிவிடும். தமிழும் கன்னடமும் பேசுவார். சின்னாற்றங்கரைக் காட்டுவாசி பைரா அவருக்கு உற்ற நண்பர்.

ராஜாக்களும் பெரிய அதிகாரிகளும் யானை மேல் ஏறி, நூறு பேரை விட்டுக் காட்டைக் கலைத்து வேட்டையாடிய காலம் அது. அவர்கள் கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. எடை 5 கிலோ வரை இருக்கும். தூக்கிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஆண்டர்சனோ நடந்தே போகிறவர். அவர் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். எடை 4 கிலோவுக்குள்தான். ஆனால் தோட்டா பெரியது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு இந்த ரகத்தைத்தான் சிங்க வேட்டைக்கு எடுத்துப் போனார்.

விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு மேற்புறமாகத் தெறித்து வெளியே விழும். அடுத்த தோட்டா உள்ளே போகும். கூடு மேலே வருவதால் துப்பாக்கியின் தலையில் உயரமாக எதையும் பூட்ட முடியாது. அது ஒரு வகையில் நல்லதே. குறி பார்க்கும் கண் குழாயை ஒட்டித் தாழ்வாகவே இருக்கும். குறி இரண்டு அங்குலம் உயரத்தில் இருந்தால், பத்தடியில் நிற்கும் மிருகத்தின் மேல் குண்டு ஏறக்குறைய இரண்டு அங்குலம் கீழே படும். சிறுத்தையின் நெற்றி எவ்வளவு அகலம்?

ஆட்கொல்லி வருவது இருட்டில். அதற்காக அக்காலத்து வேட்டைக்காரர்கள் குழாயோடு பாட்டரி விளக்கைச் சேர்த்துப் பூட்டினார்கள். ஆண்டர்சனும் அப்படியே செய்தார். ஒளி மிருகத்தின் மேலும் விழ வேண்டும், குழாய் முனையிலுள்ள குறியையும் காட்ட வேண்டும். பட்டை தளர்ந்தால் போச்சு. விளக்கு கனத்தால் முனை தாழ்ந்துவிடும். இன்று இதே வேலைக்குச் சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரியும் கருவி வந்திருக்கிறது. அதையும் இலேசான துப்பாக்கியில் தாழ்வாகவே பூட்ட விரும்புகிறார்கள். கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்காமல் குறி பார்க்கலாம் அல்லவா!

தளிக்கு அருகே கும்மளாபுரத்தில் ஒரு சிறுத்தை 42 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் ஜனங்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். ஆண்டர்சன் இரவில் அதற்காகக் காத்திருந்தார். கடுங்குளிர். எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டி வந்து ஒட்டிக்கொண்டது. விரட்ட மனம் வரவில்லை. திடீரென்று குட்டி அவருக்குப் பின்னால் பார்த்து உறுமிற்று. திரும்பி விளக்கைப் போட்டார். சில அடி தூரத்தில் சிறுத்தை பதுங்கி இருந்தது! கனத்த துப்பாக்கியாக இருந்தால் திருப்புவதற்குள் கதை முடிந்திருக்கும். ஆண்டர்சன் சுட்டார், சிறுத்தை மாண்டது. அதன் முன்காலில் முள்ளம்பன்றி முட்கள் ஆழப் பதிந்திருந்தன. ஓடும் மிருகத்தைப் பிடிக்க முடியாமல்தான் மனிதரைப் பிடித்திருக்கிறது, பாவம். நாய்க்குட்டிக்கு நிப்பர் என்று பெயர் வைத்து வீட்டுக்கே கொண்டுபோனார்.

1954-ல் வெளியான முதல் புத்தகத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார். வயது ஏற ஏறக் காடு சுருங்குவதைப் பார்த்து மனம் நொந்தார். துப்பாக்கியைக் குறைத்துக் காமிராவை எடுத்தார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974 ஆகஸ்ட் 30-ந் தேதி புற்றுநோயால் இறந்தார். அவர் எழுதி வைத்திருந்த இன்னொரு புத்தகம் 1976-ல் அச்சாகி வந்தது.