பீங்கானில் மின்சாரம் பாய்ச்சிய வால்தர் நெர்ன்ஸ்ட்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். எடிசனையும் சர்.சி.வி.ராமனையும் மற்றவர்கள் பிடித்துக் கொண்டார்கள், மிச்சம் கிடந்த ஜெர்மன்காரரை இவன் எடுத்துக் கொண்டான் என்று நினைத்து விடாதீர்கள். இவரை நான் புத்தகத்தில் தேடிப் பிடிக்கவில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் எங்க மாமா ஒர்க்‌ஷாப்பில், ஒரு காரின் புகைக்குழாயில்தான் இவர் எனக்கு அகப்பட்டார்.

நம்ம படிப்பைப் பற்றி ஊரில் என்ன அபிப்பிராயம் என்று உங்களுக்கே தெரியும். பீங்கான் டிப்ளமா என்றால் அகல் விளக்கும் பொம்மையும் செய்யப் படிக்கிறான் என்று அர்த்தம்! எங்கப்பாவே தொழிற்பேட்டையில் சூளை வைக்கிறவர்தான். ஆனாலும் என்னை மெக்கானிக்கலில் சேர்த்திருக்கலாமே என்று இரண்டு வருஷம் புலம்பினார். மாமா அதற்கும் ஒருபடி மேலே. என்ஜின் என்றால் இரும்பு, அலுமினியம், கொஞ்சம் ரப்பர். பீங்கானுக்கு அங்கே ஸ்பார்க் பிளக்கோடு வேலை முடிந்தது என்பது அவர் கட்சி.

அந்த மாமாவிடம் போன கார்த்திகையில் ஒரு முந்திரி வியாபாரியின் பெட்ரோல் கார் வந்தது. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 11-க்கு இறங்கி விட்டது. டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு அணையவே இல்லை. வெளியூரில் ஒரு இடத்தில் ஆக்சிஜன் சென்சார் போய் விட்டது என்று சொல்லிப் புதுசு போட்டு பில்லும் போட்டிருக்கிறார்கள். பத்தே நாளில் பழைய கதை. மாமா ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று வந்தது. அவரும் சென்சார்தான் காரணம் என்று நம்பி, தன் கைக்காசில் இன்னொன்று வாங்கிப் போட்டார். சரியாகவில்லை. வியாபாரி நாலு பேர் முன்னால் கூச்சல் போட்டு விட்டுப் போனார். மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. சின்ன ஊர், ஒருத்தர் வாயில் விழுந்தால் பத்து வண்டி வராது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது, அதாவது பெட்ரோல் அதிகம். சென்சாரோ பெட்ரோல் போதவில்லை என்கிறது. பிளக்கும் பீங்கான், சென்சாரும் பீங்கான், இரண்டில் யார் சொல்வது நிஜம்? இதற்காகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் வால்தர் நெர்ன்ஸ்ட் வந்தார். முதலாமாண்டு வேதியியலில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு என்று ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அவரேதான்.

நெர்ன்ஸ்ட் 1864 ஜூன் 25-ல் அன்றைய மேற்கு பிரஷ்யாவில் பிரைசன் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. அப்பா நீதிபதி. ஜூரிச், பெர்லின், கிராஸ், வுர்ஸ்பர்க் என்று நாலு ஊர்ப் பல்கலைக்கழகங்களில் சுற்றிப் படித்து 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு லைப்சிக்கில் ஆஸ்ட்வால்டு என்ற பெரிய வேதியியல் பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் 1889-ல், 25 வயதில், அந்தச் சமன்பாடு வந்தது. மின்கலத்தில் ஒரு பொருள் ஒரு பக்கம் நிறையவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், அந்த ஏற்றத்தாழ்வு எத்தனை வோல்ட் கொடுக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டி விட்டார். அவர் நினைத்தது கரைசல்களை. கார் புகை அவர் கனவிலும் இல்லை.

அடுத்து கோட்டிங்கன் நகரம். அங்கே பேராசிரியர் ஆகி, தனக்கென்று ஒரு ஆய்வுக்கூடமும் கட்டிக் கொண்டார். இனி வருவதுதான் நம்ம ஆட்களுக்கு உரிய பகுதி. அந்தக் காலத்து எடிசன் பல்பில் கரி இழை. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழுக்குள்தான் அது எரியும், வெளிச்சமும் மங்கல். நெர்ன்ஸ்ட் 1897-ல் உலோகத்தையும் கரியையும் விட்டு விட்டு, பீங்கான் குச்சியில் மின்சாரம் பாய்ச்சினார்! சிர்கோனியாவோடு சுமார் 15 சதவீதம் இட்ரியா கலந்து செய்த சன்னக் குச்சி. ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் திறந்த காற்றிலேயே எரியும். குமிழில் வெற்றிடம் வேண்டாம்.

ஒரே ஒரு சங்கடம். குச்சி குளிர்ந்திருந்தால் நம்ம ஊர் பியூஸ் கேரியர் மாதிரி மின்சாரத்தை விடவே விடாது. முதலில் தீக்குச்சியோ ஸ்பிரிட் விளக்கோ காட்டிச் சூடேற்ற வேண்டும். சூடு ஏறினால் குச்சிக்குள் இருக்கும் ஆக்சிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும், மின்சாரம் ஓடும், வெள்ளை வெளேரென்று ஒளி வரும். பின்னால் பிளாட்டினக் கம்பி சுற்றித் தானே சூடாகும்படி செய்தார்கள். அப்பவும் சுவிட்சைப் போட்டு விட்டுக் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த உரிமையை பெர்லினில் ஏ.இ.ஜி. கம்பெனிக்கு விற்று ஒரு மில்லியன் மார்க், அதாவது பத்து லட்சம், வாங்கினார். விளக்குக்கு இத்தனை என்று பங்கு கேட்காமல் மொத்தமாக வாங்கிக் கொண்டதுதான் சாமர்த்தியம். வாத்தியார்களுக்கு வியாபாரம் தெரியாது என்று எடிசன் ஒருமுறை நேரில் கிண்டல் பண்ண, காது மந்தமான அவரிடம் நெர்ன்ஸ்ட் இந்தத் தொகையை உரக்கச் சொல்லி வாயடைத்தார் என்று ஒரு கதை உண்டு. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. அரங்கம் முழுக்க இந்த விளக்குதான். ஆனால் சில வருஷத்திலேயே டங்ஸ்டன் இழை வந்தது. சுவிட்சைப் போட்டதும் எரிந்தது. நெர்ன்ஸ்ட் விளக்கு கடையிலிருந்து காணாமல் போனது. பரிசோதனைச் சாலைகளில் அகச்சிவப்புக் கருவிக்குள் மட்டும் அந்தக் குச்சி பின்னும் பல காலம் ஒளிர்ந்தது.

விளக்குக் காசு வந்ததும் மனிதர் கார் வாங்கினார். கோட்டிங்கனில் முதன்முதல் கார் ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கால என்ஜின் மேட்டில் ஏற முக்கும். அதற்காக நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் ஒன்றை வண்டியில் வைத்துக் கொண்டு, ஏற்றம் வந்தால் என்ஜினுக்குள் திறந்து விடுவாராம். எரிய வைக்க ஆக்சிஜன் போதவில்லை, கூடக் கொடு என்கிற அதே காற்று-எரிபொருள் கணக்குத்தான்! 1905-ல் பெர்லினுக்கு வேலை மாறிப் போனபோது, குடும்பத்தை ஏற்றிக் கொண்டு திறந்த காரிலேயே போய்ச் சேர்ந்தார்.

கொஞ்சம் இங்கே நிற்க வேண்டும். சமன்பாடு அவர் நோட்டில் இருந்தது. சிர்கோனியா குச்சி அவர் மேசையில் இருந்தது. கார் அவர் வாசலில் நின்றது. மூன்றையும் சேர்த்தால் ஆக்சிஜன் சென்சார். அவர் சேர்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்குப் புகையை அளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. சென்சார் சொல்வதைக் கேட்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டியும் இல்லை. ஆனாலும் படித்தபோது எனக்கு அடித்துக் கொண்டது.

பெர்லினில் அவர் கண்டதுதான் வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி. இதற்காக 1920-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. முதல் விதியைக் கண்டவர்கள் மூன்று பேர், இரண்டாவதை இரண்டு பேர், மூன்றாவதை நான் ஒருத்தன், ஆகவே நாலாவது விதி வராது என்று மாணவர்களிடம் வேடிக்கை பண்ணுவாராம். தற்பெருமை உண்டு, ஆனால் பிறர் திறமையைக் கண்டால் விட மாட்டார். 1911-ல் பெல்ஜியத்தில் முதல் சால்வே மாநாடு கூடியதற்கு இவர்தான் முக்கிய காரணம். 1913-ல் மாக்ஸ் பிளாங்கோடு ரயிலேறி ஜூரிச்சுக்கே போய், ஐன்ஸ்டைனை பெர்லினுக்கு வரச் சொல்லிக் கேட்டார்.

1914-ல் உலகப் போர். வயது 50. பட்டாளத்தில் சேர்கிறேன் என்று தன் காரோடு கிளம்பினார். சல்யூட் அடிக்கவும் நடை போடவும் வீட்டு வாசலில் மனைவி எம்மா முன்னால்தான் பழகினார் என்று சொல்வார்கள். படைத் தலைமைக்குக் கடிதம் கொண்டு போகும் டிரைவராக பாரிஸ் பக்கம் வரை போய்த் திரும்பினார். சிரிப்பு அதோடு முடிந்தது. போருக்கான எரிச்சல் வாயு ஆராய்ச்சியில் அவரும் இறங்கினார். அது அவர் வாழ்க்கையில் துடைக்க முடியாத கறை. இருந்த இரண்டு பிள்ளைகளும் அதே போரில் செத்தார்கள், ஒருவன் 1914-ல், மற்றவன் 1917-ல். எந்தச் சமன்பாட்டாலும் அந்த வீட்டில் விளக்கு ஏற்ற முடிந்திருக்காது.

ஹிட்லர் வந்த 1933-ல் ஓய்வு பெற்றார். அந்த ஆட்சியை அவர் ஏற்றுக் கொள்ளவில்லை. இரண்டு மகள்கள் யூதர்களைக் கல்யாணம் பண்ணியிருந்தார்கள். அவர்கள் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. கிழவர் ஸிபெல்லே என்ற கிராமத்தில் தன் பண்ணையில் ஒதுங்கி விட்டார். இந்தப் பண்ணையைப் பற்றி ஒரு கதை. குளிர்காலத்தில் ஒருநாள் மாட்டுக் கொட்டகைக்குள் போனால் கதகதப்பு. மாடுகளின் உடம்புச் சூடுதான் அது என்று தெரிந்ததும், காசு கொடுத்துத் தீனி போட்டு உலகத்தைச் சூடாக்குவானேன் என்று மாடுகளை விற்று விட்டு, உடம்பில் சூடில்லாத கெண்டை மீன் வளர்த்தாராம்! 1941 நவம்பர் 18-ல் அங்கேயே காலமானார். இப்போது கோட்டிங்கன் கல்லறைத் தோட்டத்தில், மாக்ஸ் பிளாங்க் உறங்கும் அதே இடத்தில் இருக்கிறார்.

அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, 1943-ல் கார்ல் வாக்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானிதான் குச்சிக்குள் நடந்ததை விளக்கினார். சிர்கோனியத்தின் இடத்தில் இட்ரியம் உட்காரும்போது, இரண்டு இட்ரியத்துக்கு ஒன்று வீதம் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடம் காலியாகிறது. அந்தக் காலி இடங்களில் தாவித் தாவித்தான் ஆக்சிஜன் நகர்கிறது. 1976-ல் பாஷ் கம்பெனி அதே பீங்கானை விரல் நுனிக் கவசம் போல வார்த்து, இரு பக்கமும் பிளாட்டினம் பூசி, வோல்வோ கார்களின் புகைக்குழாயில் திருகியது. உள்ளே வெளிக்காற்று, அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே புகை. அந்த ஏற்றத்தாழ்வை நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி வோல்ட்டாகச் சொல்லும். 600 டிகிரி சூட்டில் புகையில் 1 சதவீத ஆக்சிஜன் இருந்தால் 0.06 வோல்ட்தான், போட்டுப் பாருங்கள். பெட்ரோல் சற்று மிஞ்சினால் பிளாட்டினத்தின் மேல் மிச்ச ஆக்சிஜனும் எரிந்து, 1-க்குப் பின்னால் 19, 20 சைபர் போடும் அளவுக்கு வித்தியாசம் வரும், உடனே 0.8, 0.9 என்று ஏறி விடும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற இடத்தில்தான் இந்தத் தாவல். அந்தப் பழைய விளக்கின் சங்கடம் இதிலும் உண்டு, 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். அதற்குத்தான் உள்ளே ஹீட்டர். பெரும்பாலும் அந்த இரண்டு வெள்ளை ஒயர்.

நம்ம சென்னையில் 1995 ஏப்ரல் 1 முதல் புது பெட்ரோல் கார்களுக்குப் புகை சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயமாயின. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. ஈயம் பட்டால் சென்சார் பிளாட்டினம் செத்து விடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு புது மோட்டார் சைக்கிள்களிலும் இது ஏறி விட்டது.

சரி, மாமா வண்டிக்கு வருகிறேன். அப்பாவிடம் அன்றைக்குப் பேச்சுவாக்கில் கேட்டேன், சூளைக்குள் தீ காற்றில்லாமல் திணறும்போது புகைபோக்கியில் மட்டும் காற்று அதிகமாகத் தெரியுமா என்று. ஏன் தெரியாது, வாசலில் பூசின மண் வெடித்திருந்தால் திருட்டுக் காற்று உள்ளே போய்ப் புகையை வெளுக்கடிக்கும், அதை நம்பி எண்ணெயைக் கூட்டினால் பண்டம் கறுத்துப் போகும் என்றார், தலை நிமிராமல்.

மறுநாள் காலேஜுக்கு மட்டம். டிஜிட்டல் மல்டிமீட்டரை சென்சார் சிக்னல் ஒயரில் வைத்தேன். 0.1 வோல்ட்டிலேயே நின்றது. மாமாவை ஆக்சிலரேட்டரைப் படக்கென்று மிதிக்கச் சொன்னேன். 0.8-க்குத் தாவி மறுபடி இறங்கியது. சென்சாருக்கு உயிர் இருக்கிறது. தனக்கு முன்னால் வருவதைத்தான் சொல்கிறது. அப்படியானால் திருட்டுக் காற்று எங்கே? என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கொடுத்தோம். எக்சாஸ்ட் மேனிபோல்டு பக்கம் டிக் டிக் என்று மெல்லிய சத்தம். கேஸ்கெட் ஒரு ஓரத்தில் எரிந்து போயிருந்தது. அந்த இடுக்கில் சென்சாருக்கு முன்னாலேயே வெளிக்காற்று நுழைந்து கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஏமாந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றியிருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றினோம். மீட்டர் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஊஞ்சல் ஆட ஆரம்பித்தது, அதுதான் ஆரோக்கியம். விளக்கு அணைந்தது.

வியாபாரி வந்து வண்டியை எடுத்துப் போனார். கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் மட்டும் காசு கொடுத்தார். மாமா போட்ட சென்சாருக்குத் தரவில்லை, மாமாவும் கேட்கவில்லை. முதலில் கழற்றிய சென்சாரை எனக்குக் கொடுத்து விட்டார். அதை வைஸில் பிடித்து ஹாக்ஸா பிளேடால் மேல் உறையை அறுத்தேன். உள்ளே சுண்டு விரல் நுனி அளவில் வெள்ளைப் பீங்கான், மேலே சாம்பல் நிறத்தில் பிளாட்டினப் பூச்சு. மாமா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்தச் சூளையில், எத்தனை டிகிரியில் சுட்டது என்று கேட்டார். பீங்கானைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அந்தத் துண்டு இப்போது நம்ம லேப் அலமாரியில், இன்சுலேட்டர் மாதிரிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாமாண்டு தம்பிகள் வந்து பார்க்கலாம். விளிம்பில் லேசாக வெடிப்பு இருக்கிறது, மெதுவாகத் தொடவும்.