சத்தம் போட்ட மனிதர்

குட்டீஸ்... கும்பகோணம் மகாமகக் குளக்கரையில் நீங்கள் ஒரு குறும்படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ராஜா குதிரையில் வருகிறார். குளம்புச் சத்தத்துக்கு எங்கே போவீர்கள்? வீட்டில் இருக்கும் இரண்டு கொட்டாங்கச்சியைத் தரையில் தட்டினால் போதும்! இந்த வித்தைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர், 'ஃபோலி'. அது ஒரு மனிதரின் பெயர்.

ஜாக் ஃபோலி, 1891ல் அமெரிக்காவின் நியூயார்க்கில் பிறந்தவர். யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை. பேசும் படம் வந்த புதிதில், 'ஷோ போட்' என்ற படத்தை மவுனப் படமாக எடுத்துவிட்டு விழித்தார்கள். படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே ஃபோலி குழுவினர் ஒலி எழுப்ப, அது பதிவானது. இன்று போல கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்ட முடியாதே! 1929ல் படம் வெளியானது.

திரையில் நடிகரின் கால் தரையைத் தொடும் அதே நொடியில், இவர் காலும் தொட வேண்டும். எத்தனை நடிகர்களுக்காக நடந்தாரோ!

1960ல் வந்த 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில், சங்கிலியோடு அடிமைகள் நடக்கும் காட்சியில் ஒலி சரியில்லை. மறுபடியும் படம்பிடிக்க வேண்டுமோ என்று கவலைப்பட்டார்களாம். ஃபோலி சாவிக்கொத்தைக் குலுக்கினார், தீர்ந்தது வேலை!

இவ்வளவு உழைத்தும், பெரும்பாலான படங்களில் அவர் பெயர் வரவில்லை. 1967ல் இறந்தார். இப்போது ஆங்கிலப் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, 'ஃபோலி' என்று ஒரு வரி வரும். எழுந்து ஓடிவிடாமல் தேடிப் பாருங்கள்.