எட்வர்டு ஸ்ட்ராட்டமையர்: சிறுவர் துப்பறியும் புதினமும் ஆசிரியர் என்னும் நிலையும்

நான்சி ட்ரூ, ஹார்டி சகோதரர்கள் ஆகிய துப்பறியும் தொடர்கள் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் பல தலைமுறைகளாக வாசிக்கப்பட்டு வருவன. இவ்விரண்டையும் உருவாக்கிய எட்வர்டு ஸ்ட்ராட்டமையரின் பெயர் அந்நூல்களின் முகப்பில் இடம்பெறவில்லை. இம்மறைவு தற்செயலானதன்று, அவரது வாழ்க்கை முழுவதிலும் படிப்படியாக உருப்பெற்ற முறைமையின் விளைவாகும்.

ஸ்ட்ராட்டமையர் 1862 அக்டோபர் 4 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் எலிசபெத் நகரில், செருமனியிலிருந்து குடியேறிய புகையிலை வணிகரின் மகனாகப் பிறந்தார். குடும்பத்தின் புகையிலைத் தொழிலில் உழைத்தவாறே எழுதிய கதை 1889இல் 'கோல்டன் டேஸ்' என்னும் சிறுவர் இதழில் வெளிவந்தது. அதற்கு 75 டாலர் கிடைத்தது. பின்னர் 'ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்' நிறுவனத்தில் பணியாற்றியபோது பல புனைபெயர்களில் எழுதினார். ஹொரேஷியோ ஆல்ஜர் முடிக்காது விட்டுச்சென்ற கதைகளை நிறைவுசெய்து, அவர் பெயரிலேயே வெளியிட்டார். எழுதியவர் மறைந்த பின்னும் பெயர் விற்பனையாகும் என்பதை இவ்வனுபவம் அவருக்கு உணர்த்தியிருத்தல் கூடும்.

1905 அளவில் அவர் தொடங்கிய 'ஸ்ட்ராட்டமையர் சிண்டிகேட்' இவ்வுண்மையையே தொழிலாக்கியது. கதைச்சுருக்கத்தை அவர் வகுப்பார். ஒப்பந்த எழுத்தாளர் அதனை நூலாக விரிப்பார். அவரே செப்பம் செய்து பதிப்பகத்திற்கு அளிப்பார். எழுதியவர் ஒருமுறை ஊதியம் பெற்று, நூலின் உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடுவார். 50 செண்டு விலையில் வெளிவந்த இந்நூல்களைச் சிறுவர் விரும்பி வாங்கினர். நூலகத்தார் பலர் இவற்றை ஏற்கவில்லை. 1914இல் அமெரிக்கச் சாரணர் இயக்க நூலகர் ஃபிராங்க்ளின் மாத்யூஸ் இவ்வகை நூல்களைக் கடுமையாகக் கண்டித்தார்.

பெரியோருக்கான துப்பறியும் புதினங்கள் பெருகிய 1920களில், அவ்வகைமையை ஸ்ட்ராட்டமையர் சிறுவருக்குரியதாக்கினார். 1927இல் ஹார்டி சகோதரர்கள் தொடர் ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்சன் என்னும் புனைபெயரில் தொடங்கிற்று; அதன் தொடக்க நூல்களை எழுதியவர் கனடிய இதழாளர் லெஸ்லி மெக்ஃபார்லேன். அடுத்து, பெண்ணைத் துப்பறிவாளராகக் கொண்ட நான்சி ட்ரூ தொடரை வகுத்தார். அதன் முதல் நூலான 'பழைய கடிகாரத்தின் இரகசியம்' கேரலின் கீன் என்னும் பெயரில் வெளிவந்தது. அதனை எழுதிய அயோவா மாநிலத்து மில்ட்ரெட் வர்ட் பெற்ற ஊதியம் 125 டாலர்.

1930 ஏப்ரல் 28 அன்று அந்நூல் வெளியாயிற்று. பன்னிரண்டாம் நாள், மே 10 அன்று, ஸ்ட்ராட்டமையர் நிமோனியாவால் மறைந்தார். நிறுவனம் அவர் மகள்கள் ஹாரியட், எட்னா ஆகியோரின் பொறுப்பில் தொடர்ந்தது. 1959 முதல் பழைய நூல்கள் சுருக்கித் திருத்தப்பட்டன. 1980இல் பதிப்பகங்களுக்கிடையே நியூயார்க்கில் நிகழ்ந்த வழக்கில் மில்ட்ரெட் சான்றளித்த பின்னரே, நான்சியின் தொடக்க நூல்களில் அவருக்கிருந்த பங்கு பரவலாக அறியப்பட்டது.

காணாமற்போன உயிலைத் தேடி, சொத்தை அதற்குரியவரிடம் சேர்ப்பதே 'பழைய கடிகாரத்தின் இரகசியம்' புதினத்தின் கதை. அந்நூலுக்கு உரியவர் யார் என்னும் வினாவோ அரை நூற்றாண்டு மறைந்து கிடந்தது. கதையை வகுத்தவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர், முகப்பில் நின்றதோ எவருக்கும் உரியதல்லாத பெயர். ஸ்ட்ராட்டமையரின் வாழ்வை ஆராய்வோர், ஆசிரியர் என்னும் சொல்லை ஒருவருக்கே உரியதாகக் கொள்ளுதல் இயலாது.