கர்னல் பென்னிகுவிக்

மன்னர் எழுப்பிய மாளிகைகள் காலத்தால் மண்ணோடு மண்ணாகும். வயலுக்கு நீர் கொணர்ந்தாரையோ வழிவழி வரும் உழவர் மறவாது வாழ்த்துவர். தேனி, மதுரை நாட்டார் தம் மக்கட்குப் பெயராக இட்டும், பிறந்த நாளிற் பொங்கலிட்டும் போற்றும் ஆங்கிலப் பொறிவல்லுநராகிய ஜான் பென்னிகுவிக் அத்தகையர்.

இவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள் பூனாவிற் பிறந்தார். எட்டாண்டு நிரம்புதற்கு இரு நாள் முன்னர், சிலியன்வாலாப் போரில் இவர்தம் தந்தையும் தமையனும் ஒரே நாளில் மாண்டனர். இங்கிலாந்தில் அடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியிற் பயின்று, 1860-இல் சென்னை மாகாணப் பொறியாளர் படையில் ஊழியம் செய்ய இந்நாடு மீண்டார்.

மேற்குத் தொடர்ச்சி மலையிற் பெருகும் பெரியாறு மேல்கடலிற் சென்று கலக்க, மலையின் கீழ்ப்புறத்து வைகை நாடு வறண்டு கிடந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் அவ்வறட்சியின் கொடுமையை நன்கு காட்டிற்று. ஆற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 1789-இலேயே சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியதாயினும், பின்வந்தோர் அஃது இயலாதென்று கைவிட்டனர். 1882-இல் அத்திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூருடன் உடன்படிக்கை ஏற்பட, 1887-இல் வேலை தொடங்கிற்று.

அணையின் அருமையை அறிய, நீரின் பாரத்தை அறிதல் வேண்டும். ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 62½ பவுண்டு நிறையுள்ளது. 152 அடி ஆழத்தில், சதுர அடி ஒன்றின்மேல் 9,500 பவுண்டு அழுத்தம் தாக்கும். சுவரின் ஓரடி நீளத்தை மாத்திரம் நோக்கினும், அதன்மேற் சாரும் மொத்த விசை 320 டன்னுக்கு மேற்படும். ஆழம் இரட்டித்தால் அவ்விசை நான்மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் ஆற்றலோ எண்மடங்காகும். இதனை எதிர்ப்பது கல்லின் எடையே. கற்கட்டு நசுக்கத்தைத் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்காது. ஆகலின் எடையும் நீர்விசையும் கூடிய கோடு, அடித்தளத்தை மூன்றாகப் பகுத்தவற்றுள் நடுப்பகுதியிலேயே விழுதல் வேண்டும் என்பது அக்கால வல்லுநர் விதி. அன்றேல் நீர்ப்புறத்தில் விரிசல் காணும்.

கருங்கல்லும், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்துமே ஈண்டுப் பயன்பட்டன. அடைகாடும், கொடுஞ்சுரமும், வாந்திபேதியும் தொழிலாளர் பலரைப் பலிகொண்டன. தொடக்கத்தில் இட்ட கட்டுகளை வெள்ளம் பன்முறை வாரிச் சென்றது. எனினும் அவர் தளர்ந்திலர். 1895 அக்டோபரில், மலையைக் குடைந்த சுரங்கவழி பெரியாற்று நீர் வைகையை அடைந்தது. பின்னர்க் கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரித் தலைவராய் விளங்கி, 1911 மார்ச்சு 9-இல் அவர் உயிர் நீத்தார்.

அதே 1895-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சு நாட்டுப் பூஸே அணை உடைந்து எண்பதின்மர்க்கு மேற்பட்டோர் மடிந்தனர். சுவரின் உள்ளும் அடியிலும் ஊறும் நீர் அதனை மேல்நோக்கித் தூக்குதலை அக்காலக் கணக்குகள் கொள்ளாமையே அதற்குப் பெருங்காரணம். பெரியாற்றணையின் கணக்கிலும் அது சேர்ந்திலது. ஆதலால் 1979-க்குப் பின், உச்சியிற் கான்கிரீட் பாரம் ஏற்றியும், எஃகு வடங்களாற் பாறையொடு பிணித்தும், பின்புறம் கான்கிரீட் சுவர் சேர்த்தும் வலுவூட்டினர். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்க இசைந்தது.

இந்நாளில் வல்லுநர் அணையைக் கணிப்பொறியிற் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றும் நீராலும், வெப்பத்தாலும், நில நடுக்கத்தாலும் எங்ஙனம் அசையுமென ஆராய்கின்றனர். எனினும் சாந்தின் உறுதியையும் ஊறும் நீரின் அளவையும் பொறி தானே அறியாது. ஒருவர் சென்று துளையிட்டு அளந்து கூறுதல் வேண்டும். நம் செங்கத்திற்கு அண்மையில் தென்பெண்ணையைத் தடுத்து 1958-இல் முடிந்த சாத்தனூர் அணையைக் காணும் மாணவர் இதனை நினைக்க. கணக்கிற் கூர்மையும் களத்தில் உழைப்பும் ஒருங்கே கொண்டார் பென்னிகுவிக்; அவர் கணக்கின் குறையைப் பின்னோர் நிரப்பினர்; அணை நிற்கின்றது. கற்றோர் கடன் இதுவே.