அருவியைத் தீட்டிய ஓவியர்

மலையிலிருந்து வீழும் அருவியைக் கண்டு மகிழாதவர் இலர். ஆனால், அதன் விரைவையும் ஒளியையும் அசைவற்ற கித்தானில் தீட்டிக் காட்டுவது எளிதன்று. அக்கலையைப் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியால் கற்று, அமெரிக்க இயற்கைக்காட்சி ஓவியத்திற்குப் புதுவழி வகுத்தவர் தாமஸ் கோல்.

தாமஸ் 1801ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள லங்காஷயர் பகுதியில் பிறந்தார். தந்தையின் தொழில் நலிவுற்றதால், இளமையிலேயே துணியில் அச்சிடுவதற்குரிய வடிவங்களைச் செதுக்கும் பணியில் சேர்ந்தார். 1818ஆம் ஆண்டு அவருடைய குடும்பம் பிழைப்பு நாடி அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தது. அப்போது அவருக்கு வயது பதினேழு.

ஓஹியோ மாநிலத்தில், ஊர் ஊராகச் சென்று உருவப்படம் தீட்டும் ஓவியர் ஒருவரைத் தாமஸ் சந்தித்தார். எண்ணெய் வண்ணத்தைக் கையாளும் முறையை அவரிடம் ஓரளவு அறிந்துகொண்டார். பின்னர்த் தாமும் அவ்வாறே ஊர்தோறும் நடந்து படங்கள் தீட்டினார். வருவாய் மிகக் குறைவாகவே கிடைத்தது. ஆயினும் அவர் தூரிகையைக் கைவிடவில்லை. பிட்ஸ்பர்க் நகரில் வாழ்ந்தபோது ஆற்றங்கரைக்குச் சென்று, மரங்களை உற்றுநோக்கி வரைந்து பழகினார். பிலடெல்பியாவின் கலைக்கழகத்தில் பிறர் தீட்டிய ஓவியங்களைக் கண்டு பயின்றார்.

1825ஆம் ஆண்டு தாமஸ் ஹட்சன் ஆற்றின் வழியே கேட்ஸ்கில் மலைக்குச் சென்றார். அங்குள்ள காட்டர்ஸ்கில் அருவி இரண்டு அடுக்குகளாக ஏறத்தாழ 260 அடி வீழ்கிறது. எண்ணெய் வண்ணம் மெதுவாக உலரும் தன்மையது. அதனைப் பாறைகளின் நடுவே கையாளுவது கடினம். எனவே, தாமஸ் அங்கே பென்சிலால் மட்டும் வரைந்தார். எவ்விடத்தில் எந்நிறம் என்பதைச் சொற்களால் குறித்துக்கொண்டார். ஊர் திரும்பிய பின்னரே அக்காட்சியைக் கித்தானில் தீட்டினார்.

வெண்ணிறத்தை மட்டும் பூசினால் அருவி ஒளிராது. சூழ்ந்திருப்பவை இருண்டிருந்தால்தான் வெண்மை துலங்கும். தாமஸின் ஓவியங்களில் கரும்பாறைகளுக்கும், இலையுதிர்காலத்துச் செந்நிற மரங்களுக்கும் நடுவே அருவி பளிச்சிடுகிறது.

நியூயார்க்கில் ஒரு கடையில் வைக்கப்பட்ட அவருடைய மூன்று ஓவியங்களை, ஜான் டிரம்புல் என்னும் புகழ்பெற்ற முதிய ஓவியர் கண்டு வியந்தார். அருவிக் காட்சி ஒன்றைத் தாமே வாங்கினார். அவர் சொல்லக் கேட்ட வேறு இரு ஓவியர்கள் மற்ற இரண்டையும் வாங்கினர். ஓர் ஓவியத்தின் விலை 25 டாலர். அன்றுமுதல் தாமஸின் புகழ் பரவியது.

1826ஆம் ஆண்டு அவர் மீண்டும் அவ்வருவியைத் தீட்டினார். அதற்குள் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காகப் பார்வை மேடையும் கைப்பிடி வேலியும் அமைக்கப்பட்டிருந்தன. தாமஸ் அவற்றைத் தம் ஓவியத்தில் சேர்க்கவில்லை. மாறாக, பாறைமீது நிற்கும் பழங்குடி மனிதர் ஒருவரை மிகச் சிறிய உருவமாகத் தீட்டினார். அச்சிற்றுருவம் அருவியின் பேருருவை உணர்த்துகிறது. அம்மலை முன்னர் யாருடையதாக இருந்தது என்பதையும் நினைவூட்டுகிறது.

அக்காலத்தில் தோல் பதனிடும் தொழிலுக்காகக் கேட்ஸ்கில் மலையின் மரங்கள் வெட்டப்பட்டு வந்தன. காடுகள் அழிவதைக் கண்டு வருந்திய தாமஸ், 1836ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவ்வருத்தத்தைப் பதிவு செய்தார். குடியேறி வந்த நாட்டின் மலைகளையும் நீர்நிலைகளையும் தம்முடையவையாகவே கருதியவர் அவர்.

தாமஸ் 1848ஆம் ஆண்டு, நாற்பத்தேழாம் வயதில் மறைந்தார். அவரிடம் பயின்ற பிரெடெரிக் சர்ச், 1857ஆம் ஆண்டு நயாகரா அருவியைத் தீட்டிப் பெரும்புகழ் பெற்றார். ஆசிரியரிடம் தொடங்கிய கலை மாணவரிடம் தழைத்தது.

அருஞ்சொற்பொருள்
கித்தான் – ஓவியம் தீட்டப் பயன்படும் தடித்த துணி
நலிவு – தளர்ச்சி
துலங்கும் – தெளிவாக விளங்கும்
தழைத்தது – செழித்து வளர்ந்தது

வினாக்கள்
1. தாமஸின் குடும்பம் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தது ஏன்?
2. மலையில் தாமஸ் பென்சிலால் மட்டும் வரைந்ததன் காரணம் யாது?
3. 1826ஆம் ஆண்டு ஓவியத்தில் தாமஸ் எவற்றை நீக்கினார்? எதனைச் சேர்த்தார்?
4. நீங்கள் இப்போது வாழும் ஊரில் உள்ள மலை அல்லது நீர்நிலை ஒன்றை உற்றுநோக்கி, அதன் நிறங்களை ஐந்து தொடர்களில் எழுதுக.