ஒரே கோரிக்கை, ஆளுக்கு ஒரு நடை: ‘மகாகனம்’ சீனிவாச சாஸ்திரி எங்கே ஜெயித்தார், எங்கே சறுக்கினார்?

மேனேஜருக்கு இரண்டு வரி மெயில் போதும். ஃபைனான்ஸ் டீமுக்கு முழுக் கணக்கும் வேண்டும். இன்னொருவருக்கு முதலில் நலம் விசாரிக்கணும், அப்புறம்தான் வேலைப் பேச்சு. ஆளுக்கு ஏற்றபடி எழுதுவது எப்படி என்று இப்போது அலுவலகங்களில் பயிற்சி வகுப்பே நடக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பு இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஒரு டெல்டாக்காரர். அவர் கேட்டது இன்க்ரிமென்ட் இல்லை. கடல் கடந்து போன இந்தியர்களுக்கு ஓட்டுரிமையும் மரியாதையும்.

யார் இவர்?

வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. 1869 செப்டம்பர் 22-ல் கும்பகோணம் பக்கத்தில் உள்ள வலங்கைமானில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தார். படிப்பு கும்பகோணத்தில். பிறகு ஆசிரியராகி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆங்கில இலக்கணத்தில் புலி என்று பெயர்.

1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-ல் கோகலே இறந்ததும் சங்கத்தின் தலைமை இவரிடம் வந்தது. 1921-ல் பிரிட்டிஷ் மன்னரின் பிரிவி கவுன்சில் உறுப்பினர் ஆனார். அந்தப் பட்டத்தைத்தான் தமிழ்ப் பத்திரிகைகள் ‘மகாகனம்’ என்று எழுதின. காங்கிரஸ் மிதவாதி, போராட்டத்தைவிடப் பேச்சுவார்த்தையை நம்பியவர். அவரிடம் இருந்த ஆயுதம் இரண்டே: பேச்சும் கடிதமும்.

நாட்டுக்கு ஒரு நடை

1921-ல் லண்டனில் ஏகாதிபத்திய மாநாடு நடந்தது. பிரிட்டிஷ் டொமினியன்களில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர்களுக்கும் குடியுரிமை வேண்டும் என்ற தீர்மானத்துக்காக சாஸ்திரி வாதாடினார். தென்னாப்பிரிக்கா தவிர மற்றவர்கள் ஏற்றார்கள். ஆனால் தீர்மானம் வேறு, அமல் வேறு. அதனால் 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று நேரிலேயே கிளம்பினார்.

ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் அல்லாதோர் குடியேறுவதே பெரிய பயம். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஏற்கெனவே அங்கே இருக்கும் கொஞ்சம் பேருக்கு ஓட்டு கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். 1925-ல் சட்டம் மாறியது, ஓட்டுரிமை கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதே பக்குவம் பலிக்கவில்லை. அங்கே இந்தியர்கள் 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாகத் தென்னாப்பிரிக்கா போனார். போகச் சொல்லி வற்புறுத்தியவர் காந்தி. அங்கே வெள்ளையர்களிடம் அவர்கள் மதிக்கும் ஆங்கிலத்தில் நியாயம் பேசினார். இந்தியர்களிடம் கல்வியைப் பேசி நிதி திரட்டினார். அதில் எழுந்ததுதான் டர்பனில் உள்ள சாஸ்திரி கல்லூரி.

எப்போதும் மென்மையா?

இல்லை. 1919-ல் ரௌலட் மசோதாவை எதிர்த்துச் சட்டசபையில் அவர் பேசிய கடுமையான பேச்சை நேரில் கேட்டவர்களில் காந்தியும் ஒருவர். 1923-ல் கென்யாவில் இந்தியர்களுக்குச் சம உரிமை மறுக்கப்பட்டபோது சாஸ்திரியின் தொனி அடியோடு மாறியது. பிரிட்டிஷ் அரசு வாக்குத் தவறிவிட்டது என்று வெளிப்படையாகவே கண்டித்தார்.

காந்தியோடும் ஒத்துப்போகவில்லை. சத்தியாக்கிரகம், ஒத்துழையாமை இரண்டையும் எதிர்த்தார். அவருக்கு எழுதும்போது சுற்றி வளைக்காமல் நேராக எழுதினார். காந்திக்கு அதுதான் பிடிக்கும். சாஸ்திரி காந்தியைவிடப் பத்து நாள் மூத்தவர். காந்தி அவரைச் சகோதரராகவே நடத்தினார். காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பின் இரண்டாம் பதிப்பைப் பெயர் போட வேண்டாம் என்று சொல்லித் திருத்திக் கொடுத்த நண்பர் சாஸ்திரிதான் என்று கருதப்படுகிறது.

கீழ்வேளூர் வழியாகப் போனவர்கள்

அவர் சறுக்கிய இடம் சொந்த ஊர்க்காரர்கள் விஷயத்தில். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், கீழ்வேளூர் வழியாக நாகப்பட்டினம் போகும் ரயில் பாதை 1860-களில் வந்தது. டெல்டாவின் விவசாயக் கூலிகள் பலர் மலாயா போனது இந்த வழியில்தான். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு. அங்கிருந்து ரப்பர் தோட்டம். 1926 முதல் ஓடிய ரஜுலா கப்பலை டெல்டாவின் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் தோட்டக் கூலி வெட்டப்பட்டது. நிலைமையைப் பார்த்து வர 1936 கடைசியில் இந்திய அரசு சாஸ்திரியை அனுப்பியது. அறிக்கை 1937-ல் வெளியானது. குறைத்த கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அதோடு, மொத்தத்தில் நிலைமை பரவாயில்லை, தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தக் காரணம் இல்லை என்ற முடிவுக்கும் வந்திருந்தார். மலாயா அரசும் தோட்ட முதலாளிகளும் முகம் சுளிக்காமல் படிக்கக்கூடிய அறிக்கை அது. ஆனால் அங்கிருந்த இந்தியர் அமைப்புகள் ஏமாற்றமடைந்தன.

அடுத்த வருஷமே கூலி மறுபடி வெட்டப்பட்டது. 1938 ஜூனில் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்பத் தடை போட்டது. 1941-ல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம். கூலியோடு அவர்கள் கேட்டவற்றில் மரியாதையும் ஒன்று. துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அடக்க ராணுவம் வந்தது, உயிர்கள் போயின.

இதில் நமக்கு என்ன?

சாஸ்திரி 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1946 ஏப்ரல் 17-ல் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு சென்னை மருத்துவமனையில் காந்தி அவரை வந்து பார்த்தார். அவருடைய ஆங்கிலக் கடிதங்கள் டி.என்.ஜகதீசன் தொகுப்பில் புத்தகமாகவும் வந்திருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் அவர் கேட்டது சின்னது, ஆனால் தெளிவானது. எதிராளியின் பயத்தைத் தொடாமல் கேட்டதால் கிடைத்தது. கென்யாவில் நடை கடுமையானது, கோரிக்கை அப்படியே இருந்தது. மலாயாவில் நடையோடு சேர்த்து விஷயமும் மென்மையாகிவிட்டது.

மெயில் யாருக்குப் போகிறதோ அவருக்கு ஏற்ற தொனியில் எழுதுவதில் தப்பே இல்லை. ஆனால் பல மெயில்களின் பலன் போய்ச் சேருவது சிசி-யில் இல்லாத ஒருவருக்கு: ஷிஃப்ட் மாறப்போகும் ஊழியர், பில் நிலுவையில் நிற்கும் சின்ன வெண்டர், கான்ட்ராக்ட் முடியப்போகும் டிரைவர். அனுப்பும் முன் அவர் இடத்தில் நின்று ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அவருடைய பிரச்சினை அதே அளவில் அந்த மெயிலில் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.